‘இன்று இவன் ஆடக் கூடாது’ என்று சொல்லும் அதிகாரம்

விளையாட்டு வீரர்களின் உடல்நலத்தைக் கவனிப்பவரிடம் என்னென்ன நற்குணங்கள் இருக்க வேண்டும் என்று எந்தக் கருத்தரங்கில் கேட்டாலும் சொல்வார்கள். நேர்மை, இரகசியம் காத்தல், பாரபட்சமின்மை. யாரும் மறுக்கப் போவதில்லை. அரையிறுதிக்கு முந்தின நாள் சாயங்காலம் கோச் பக்கத்தில் வந்து நின்று, “ஒரு டேப் சுத்தி விடுங்க சார், நாளைக்கு ஒரு மேட்ச் தானே” என்று கேட்கும்போதுதான் சிக்கல். அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வரும் பதிலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, உங்கள் லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடுபவர் யார் என்பதுதான். அதனால் இந்த அத்தியாயத்தில் அறத்தையும் நிர்வாகத்தையும் பிரிக்காமல் சேர்த்தே பார்க்கிறோம்.

அமெரிக்காவில் இது தனித் தொழில். அத்லெடிக் ட்ரெய்னர்களின் தேசியச் சங்கம் அங்கே 1950இல் தொடங்கியது. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைச் சுகாதாரத் தொழில்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்க்கிறார். அவரும் இல்லாத இடத்தில் பிசிகல் டைரக்டரே பார்க்கிறார்: கழுத்தில் விசில், கையில் முதலுதவிப் பெட்டி. இருவரையுமே இங்கே ட்ரெய்னர் என்று குறிப்பிடுகிறோம்.

யாருக்குக் கீழே வேலை?

மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஜோர்டன் மெக்னேர் என்ற 19 வயது மாணவர் இருந்தார். 2018 மே 29 அன்று மாலைப் பயிற்சியில் 110 கெஜ ஓட்டங்களை அடுத்தடுத்து ஓடிக்கொண்டிருந்தபோது தசைப்பிடிப்பு வந்து தளர்ந்தார். அது ஹீட் ஸ்ட்ரோக். அறிகுறி தெரிந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகே அவசர உதவி எண்ணுக்குப் போன் போனது. அதுவரை அவருடைய உடல் வெப்பத்தை யாரும் அளக்கவில்லை. குளிர்ந்த நீரில் அமிழ்த்தவும் இல்லை. ஜூன் 13 அன்று அவர் இறந்தார். அந்த ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவர் சட்டப் பொறுப்பையும் தார்மீகப் பொறுப்பையும் ஏற்பதாக அறிவித்தார். அக்டோபர் இறுதியில் தலைமைக் கோச் நீக்கப்பட்டார். 2021இல் குடும்பத்தோடு 35 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதற்கு முந்தைய கதையை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் ஐந்து பெரிய கூட்டமைப்புகள் 2016 ஜனவரியிலேயே ஒரு விதியை ஏற்றிருந்தன: வீரரின் மருத்துவ முடிவுகளில் ட்ரெய்னருக்கும் மருத்துவருக்கும் யாரும் தலையிட முடியாத அதிகாரம் உண்டு. மேரிலேண்ட் அந்தக் கூட்டமைப்புகளில் ஒன்றில்தான் இருந்தது. அதாவது, காகிதத்தில் அதிகாரம் இருந்தது. 2017இல் இன்னொரு யோசனையும் வந்தது. ட்ரெய்னர்களை விளையாட்டுத் துறையிலிருந்து பிரித்து, பால்டிமோரில் உள்ள மருத்துவக் கல்லூரியின் பொறுப்பில் வைக்கலாம் என்பது அது. தலைமை அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் அந்த மாணவர் பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விதியை எழுதிவிட்டு, சம்பளமும் பதவி உயர்வும் பழைய இடத்திலிருந்தே வந்தால், அந்த விதிக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்பதை எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவரும் அறிவார்.

எனவே உங்கள் நிறுவனம் சிறியதாக இருந்தாலும் நியமன உத்தரவில் இப்படி ஒரு பத்தி இருக்க வேண்டும். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“வீரர் ஒருவர் ஆடத் தகுதியுடன் இருக்கிறாரா, எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு ட்ரெய்னருக்கும் அணி மருத்துவருக்கும் மட்டுமே உரியது. விளையாட்டுத் துறையைச் சேர்ந்த எவரும் அந்த முடிவை மாற்ற இயலாது. கோச் விரும்பினால் கூடுதல் ஓய்வு தரலாம். ஓய்வைக் குறைக்க இயலாது. ட்ரெய்னரின் ஆண்டுப் பணி மதிப்பீட்டை அணி மருத்துவரும் முதல்வரும் செய்வர். மருத்துவ முடிவு காரணமாக அவருடைய ஊதியமோ பணி நீட்டிப்போ பாதிக்கப்படாது.”

கடைசி இரண்டு வாக்கியங்களை அடிக்கச் சொல்வார்கள். முதல் நான்கையும் தாங்கி நிற்பவை அவைதான், விட்டுக்கொடுக்காதீர்கள். அணி மருத்துவர் என்றதும் பெரிய ஏற்பாடு என்று பயப்பட வேண்டாம். ஊரில் உள்ள ஓர் எலும்பு மருத்துவரோ பொது மருத்துவரோ வாரம் ஒருமுறை வந்து பார்க்கவும், போனில் கிடைக்கவும் ஒப்புக்கொண்டு கடிதம் தந்தால் போதும்.

கோச்சுகள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அணி தோற்றால் அவருக்கு வேலை போகும். வீரரும் உங்களிடம் உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். மண்டலப் போட்டிச் சான்றிதழ் கல்லூரி இடத்துக்கு உதவும். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வீட்டில் தறி ஓட்டும் அப்பாவை நினைத்துக்கொண்டு ஒரு பையன், “வலியெல்லாம் போயிடுச்சுண்ணா” என்று சொல்லத்தான் செய்வான். தலைகள் மோதிக்கொண்ட கபடி வீரன் அடுத்த ரெய்டுக்குத் தயார் என்று எழுந்து நிற்பதும் இதனால்தான்.

இங்கே நல்ல விதி என்ன செய்யும் என்பதற்குக் கிரிக்கெட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியே போனவர் அன்றே திரும்பி வந்து பேட் செய்தார். மறுநாள் தலை அதிர்ச்சியின் அறிகுறிகள் தெரிந்தபோது மருத்துவர் அவரை விலக்கினார். மார்னஸ் லபுஷேன் அவருக்குப் பதிலாக இறங்கினார். அப்படி மாற்று வீரர் முழுமையாக ஆடலாம் என்ற விதி அந்த மாதம்தான் டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு வந்திருந்தது. அதற்கு முன்பு ‘இவர் ஆட வேண்டாம்’ என்று மருத்துவர் சொன்னால், அணி ஒரு ஆள் குறைவாகத்தான் பேட் செய்ய வேண்டும். அந்தச் சுமையை மருத்துவரின் தோளிலிருந்து எடுத்தது ஐசிசி. உங்கள் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் விதிப்புத்தகத்தைத் திருத்தும் கூட்டத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி கிடைத்தால், முதலில் கேட்க வேண்டியது இது போன்ற மாற்றத்தைத்தான். தலையில் அடிபட்டு அறிகுறி தெரிந்தவர் அன்று திரும்பக் கூடாது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009இலேயே 18 வயதுக்குட்பட்ட வீரர்களுக்கு அதைச் சட்டமாக்கிவிட்டது; தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதித் தந்தால்தான் பிறகும் திரும்பலாம்.

பிசிகல் டைரக்டரே எல்லாமாக இருக்கும் இடத்தில்? தன்னைத் தானே எதிர்த்து நிற்க யாராலும் முடியாது. அங்கே முடிவை மனிதரிடம் விடாமல் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். தலையில் அடி, நெஞ்சு வலி, வெயிலில் மயக்கம், கை கால் மரத்துப்போதல் ஆகிய நான்கில் எது நடந்தாலும் வீரர் வெளியே. மருத்துவர் சீட்டு வரும்வரை பேச்சு இல்லை. சீசன் தொடங்கும்போதே பெற்றோர் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிவிட்டால், போட்டி அன்று நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

வெயிலும் தொட்டியும்

மேரிலேண்டில் பயிற்சி நடக்கும் இடம் கடைசி நேரத்தில் மாறியிருந்தது. மாறிய இடத்தில் குளிர்விக்கும் ஏற்பாடு தயாராக இல்லை. அவசரத் திட்டம் என்று கல்லூரிக்கு ஒன்று எழுதி பீரோவில் வைப்பதில் பயனில்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? திட்டம் மைதானத்துக்கு மைதானம் வேறு. கபடித் தளத்துக்கு ஒரு அட்டை, ஓட்டப் பாதைக்கு ஒன்று, வாடகைக்கு எடுக்கும் நகராட்சி மைதானத்துக்கு ஒன்று. ஒவ்வொரு அட்டையிலும், 108க்குப் போன் செய்பவர் அப்படியே வாசிக்கும் வகையில் இடத்தின் அடையாளம் இருக்கட்டும்: எந்த ரோடு, எந்தக் கோயிலை அல்லது பெட்ரோல் பங்கை ஒட்டி, எந்த கேட். மைதானத்துக்குப் பின் கேட்தான் கிட்டே இருக்கும், அது பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் டீக்குப் போயிருப்பார். மாற்றுச் சாவி ட்ரெய்னரின் பெட்டியிலேயே தொங்க வேண்டும். போன் செய்பவர் ஒருவர், கேட்டில் நின்று வண்டியை அழைத்து வருபவர் ஒருவர், கூட்டத்தை விலக்குபவர் ஒருவர். பதவிகளை எழுதாமல் பெயர்களை எழுதுங்கள்.

ஹீட் ஸ்ட்ரோக் நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனாலும் பழைய பாடங்கள் பல இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வியர்வை நின்று தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது அவற்றில் ஒன்று. ஓடி ஆடும்போது வருவதில் உடம்பு நனைந்தே இருக்கலாம். பார்க்க வேண்டியது மூளையின் தடுமாற்றத்தை: பேச்சு குழறுதல், ஸ்கோர் என்ன என்று கேட்டால் சம்பந்தமில்லாமல் உளறுதல், தள்ளாட்டம், திடீர்க் கோபம், மயக்கம். ஆசனவாய் வழியே அளக்கும் வெப்பம் 40.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரும், கொரோனா காலத்தில் வாங்கிப்போட்ட நெற்றித் துப்பாக்கியும் இதற்கு உதவாது. உண்மையைவிடக் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

ஆசனவாய் வழியே அளப்பது என்றதும் நிர்வாகிகள் நெளிவார்கள். நெளிய வேண்டிய விஷயமும்தான். அதனால்தான் முன்னேற்பாடு தேவைப்படுகிறது. சீசன் தொடக்கத்தில் வீரரிடமும், 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரிடமும் விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும். கூடவே இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். மறைக்க ஒரு வேட்டியோ போர்வையோ பெட்டியிலேயே இருக்கட்டும். கருவியோ பயிற்சி பெற்றவரோ இல்லாத இடத்தில், அளந்து பார்க்க முடியவில்லையே என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் ஓடியவன் உளறுகிறான் என்றால் அவனைக் குளிர்விக்கத் தொடங்குங்கள்.

எப்படி? கழுத்தளவு ஐஸ் தண்ணீரில். அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பம் 38.9 டிகிரிக்கு இறங்க வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வந்து, அங்கேயே உடனுக்குடன் இப்படிக் குளிர்விக்கப்பட்டார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். தொட்டி வாங்க நிதி இல்லை என்றால் ஒரு தார்ப்பாய் போதும். ஆளை நடுவில் படுக்கவைத்து, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, தண்ணீரும் உடைத்த ஐஸ் பாரும் கொட்டி, மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முகம் தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி ஒருவர் தலையைப் பிடித்திருக்கட்டும். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பார் வாங்கி வைப்பது ஏப்ரல், மே பயிற்சி முகாமின் அன்றாடச் செலவுக் கணக்கில் சேர வேண்டும். உருகிப்போன ஐசுக்கும் பில் போடுவதா என்று கணக்குப் பிரிவு கேட்கும். போடலாம்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடக் கூடாது. முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம். வண்டியில் வருபவர் அவசரப்படுவார். அவருடைய வேலை அது. அணி மருத்துவரின் கையெழுத்துடன் இதற்கான உத்தரவு அட்டையின் பின்பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தில் தர்க்கம் வராது. சீசன் தொடங்கும் வாரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை ஒத்திகை நடத்துங்கள். சாவி எங்கே என்பது அன்று தெரிந்துவிடும்.

தொடும் கை

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் பெண்களையும் சிறுமிகளையும் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினார். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக 150க்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். அந்தப் பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. 1990களின் இறுதியிலேயே கோச்சிடம் சொன்னோம் என்று தெரிவித்தவர்களும் அவர்களில் உண்டு. சொன்ன சொல் போய்ச்சேர்ந்த இடம் விளையாட்டுத் துறையாகவே இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டது.

நம் ஊரில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். தனக்குக் கீழே பணிபுரிபவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. ‘முதலில் நாங்களே விசாரித்துவிட்டு...’ என்று ஒரு கட்டம் சட்டத்தில் இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை, கோச்சின் அறையைத் தவிர்த்து, உடை மாற்றும் அறையின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள்.

அன்றாட வேலையில் வேண்டியவை சில. சிகிச்சை நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். எங்கே, எதற்காகத் தொடப் போகிறோம் என்று தொடும் முன் சொல்லி, ‘சரி’ என்று கேட்ட பிறகே கை வைக்க வேண்டும். நேற்று சொன்ன ‘சரி’ இன்றைக்குச் செல்லாது. பெண்கள் அணியோடு பெண் பொறுப்பாளர் போக வேண்டும். வெளியூர்ப் போட்டியில் லாட்ஜ் அறைக்குள் சிகிச்சை கிடையாது. வரவேற்பறையிலோ எல்லோரும் இருக்கும் ஹாலிலோ பாயை விரியுங்கள். மாதவிடாய்க் கணக்கைக் கோச் கேட்டு வாங்கி வைப்பது சில அகாடமிகளில் வழக்கமாகிவருகிறது. அது ட்ரெய்னர் அல்லது மருத்துவரிடம் மட்டும் இருக்க வேண்டிய தகவல். பெண் விரும்பினால் மட்டுமே தர வேண்டிய தகவலும்கூட.

நோட்டு

பக்கத்துக்கு எண் போட்ட பைண்டு நோட்டு ஒன்று வாங்குங்கள். கம்ப்யூட்டரில் வைப்பவர்கள் வைக்கலாம். மைதானத்தில் நோட்டுதான் கைகொடுக்கும். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

“17.40. கபடி, ஆர்., இடது கணுக்கால். ரெய்டில் திரும்பும்போது உள்நோக்கி மடங்கியது. வெளிப்புறம் வீக்கம். எலும்பின் மேல் அழுத்தினால் வலி. நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை. ஐஸ், கிரேப் பேண்டேஜ். எக்ஸ்ரேவுக்கு அனுப்பப்பட்டது. 17.55: அப்பாவிடம் போனில் சொல்லப்பட்டது. கோச்சுக்குச் சொன்னது: ‘இல்லை’.”

எலும்பின் மேல் வலியும் நான்கு அடியும் சும்மா எழுதப்பட்டவை அல்ல. எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய உலகெங்கும் பயன்படும் ஒட்டாவா விதியின் கூறுகள் அவை. உங்கள் முடிவுக்கான காரணம் பதிவிலேயே இருந்தால், ஆறு மாதம் கழித்து யார் கேட்டாலும் ஞாபகத்தைத் துழாவ வேண்டாம். தவறாக எழுதிவிட்டால் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். ஒயிட்னர் கூடாது.

கடைசி வரியைப் பாருங்கள். கோச்சுக்குத் தேவை மூன்று சொற்களில் ஒன்று: முழுமையாக, கட்டுப்பாட்டோடு, இல்லை. என்ன காயம், ஸ்கேனில் என்ன வந்தது என்பது வீரர் அனுமதித்தால்தான் அவருக்கு. அணி வாட்ஸ்அப் குழுவில் எம்ஆர்ஐ படத்தைப் போட்டு, ‘தம்பி சீக்கிரம் குணமாக வேண்டுகிறோம்’ என்று எழுதுவது அன்பினால்தான். அந்தப் படம் ராத்திரிக்குள் எதிரணிக்கும், அடுத்த ஆண்டு அவனை எடுக்கலாமா என்று யோசிப்பவருக்கும் போய்விடும்.

பதிவில் பார்த்த கணுக்கால் பையனின் அப்பா, “எக்ஸ்ரே எல்லாம் வேண்டாம் சார், புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்வார். கேலி செய்யாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். எக்ஸ்ரே ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று சொல்லி, சொன்னதை எழுதி வையுங்கள். திரும்பி வரும்போது அவன் உங்களிடம்தான் வர வேண்டும். திட்டி அனுப்பியவரிடம் யாரும் திரும்பி வருவதில்லை.

மருந்தும் கமிஷனும்

2019 பிப்ரவரியில் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவிடம் எடுத்த சிறுநீர் மாதிரியில் டெர்பூட்டலின் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. கடையில் வாங்கிய இருமல் மருந்திலிருந்து வந்தது, வேண்டுமென்று செய்யவில்லை என்ற விளக்கத்தைக் கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் 8 மாதத் தடை விதித்தது. உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது என்பதுதான் ஊக்கமருந்து விதி. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதிதாக நடைமுறைக்கு வரும். டிசம்பரிலேயே உங்கள் பெட்டியைக் கொட்டிச் சரிபாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்கும் வேலை ட்ரெய்னருடையது அல்ல. வலி தெரியாமல் ஆடவைக்க ஊசி போடச் சொல்லிக் கேட்டால் நோட்டில் எழுதிவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

புரோட்டீன் பவுடர் விற்கும் ட்ரெய்னர், ஸ்கேன் சென்டரிலிருந்து கவர் வாங்கும் ட்ரெய்னர் இருவரையும் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நியமன உத்தரவில் ஒரு வரி போட்டுத் தடுங்கள். தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் வந்தாலும் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பொறுப்பு ஒப்படைப்பு

ட்ரெய்னர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், சம்பளம் அப்படி. போகிறவர் நோட்டையும் வீட்டுக்கு எடுத்துப்போனால், பாதிக் குணமான முழங்காலோடு நிற்கும் பெண்ணை அடுத்து வருபவர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். பதிவுகள் நிறுவனத்தின் சொத்து. படிக்கும் உரிமை வீரருக்கு உண்டு, நகல் கேட்டால் தர வேண்டும். விலகும் வாரத்தில் சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: என்ன காயம், எதுவரை வந்திருக்கிறது, எது இன்னும் கூடாது, அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி. புதியவர் சேரவில்லை என்றால் அந்தப் பக்கங்கள் அணி மருத்துவரிடம் போகும். ஆள் கிடைக்கும்வரை விளையாட்டுத் துறை பீரோவில் இருக்கட்டும் என்று யாராவது சொன்னால், நியமன உத்தரவின் முதல் வாக்கியத்தை எடுத்துக் காட்டுங்கள்.